தீவுக்குப் போன கல்யாணப் பந்தல்

என் மகள் போன மாதம் கேம்பிங் போய்விட்டு வந்தாள். கூடாரத்துக்குள் கட்டில், கட்டிலுக்கு மேல் கொசுவலை, தலைமாட்டில் மின்விசிறி. காலையில் ஒருவர் வந்து முட்டையை எப்படிப் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டாராம். "ரொம்ப இயற்கையா இருந்துச்சும்மா" என்றாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

என் வயதுக்காரர்களுக்கு அந்தச் சிரிப்பின் காரணம் புரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் என்ன? டெங்கிலில் சித்தப்பா வீடு. சித்தப்பாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வருடமென்றால் வாசலில் பூப்பந்து. அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு ஆகஸ்டு விடுமுறையில் என் வீட்டார் ஒரு தீவுக்குக் கேம்பிங் போனார்கள். எதற்காகப் போனார்கள், எப்படிப் போனார்கள் என்பதைச் சொன்னால் நீங்களும் பாத்திரம் கழுவப் போய்விடுவீர்கள்.

அத்தையிலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவின் கடைசித் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. எங்கள் வீட்டில்தான் இருந்தார், எனக்கும் அவருக்கும் ஒரே அறை. சிரித்தால் நான்கு வீடு தள்ளிக் கேட்கும். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அம்மாவிடம் விசாரிக்கும் விதமே தனி. "உங்க வீட்டுல அந்தப் புள்ள இன்னும் இருக்கா?" என்பார்கள், நேற்று வைத்த சாம்பார் மீதி இருக்கிறதா என்று கேட்பது போல.

பெண் பார்க்க யாரும் வராமல் இல்லை. வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் பலகாரத் தட்டு, குனிந்த தலை. கூடம் வரைக்கும் நடந்து, தட்டை நீட்டி, திரும்பி வர வேண்டும். ஒருநாள் படுக்கப் போகும்போது நான் கேட்டேன், அத்தை, வந்ததில் யார் நல்லா இருந்தாங்க என்று.

"எனக்கு ஒருத்தர் மூஞ்சியும் ஞாபகம் இல்ல கண்ணு. தலைய நிமிர விட்டாத்தானே? எனக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் அவங்க கால்ல போட்டிருந்த ஸ்டோக்கின்தான். சப்பாத்த வாசல்ல கழட்டிட்டு வந்துருவாங்க, ஸ்டோக்கின் மட்டும் உள்ள வரும். ஒருத்தருக்குக் கட்ட விரல்கிட்ட ஓட்ட. பாவம், அத மறைக்க இன்னொரு கால அது மேல வச்சிருந்தாரு."

கடைசியாக வந்தவர்கள் கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள், பெண் சிரிப்பது வாசல் வரை கேட்டதாம். அன்றைக்கு அத்தை அந்தத் தட்டைக் கழுவித் துடைத்து, அலமாரி உச்சியில் வைத்துவிட்டு, அப்பாவிடம் வந்து நின்றார்.

"அண்ணே, இன்னொரு தடவ யாரையாவது கூட்டிட்டு வந்து என்னைத் தட்டு தூக்க வச்சீங்கன்னா, நான் பினாங்குக்கு மாத்தல் கேட்டுப் போயிடுவேன். அங்க ஹாஸ்டல் இருக்கு. கோவத்துல சொல்லல. யோசிச்சுத்தான் சொல்றேன்."

அத்தை சொன்னால் செய்வார். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். அத்தை இல்லாத அந்த அறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்பா பெண் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அம்மா நிறுத்தவில்லை, முறையை மட்டும் மாற்றிக்கொண்டார்.

அப்பாவுக்குக் கிள்ளானில் ஒரு நண்பர் இருந்தார். கல்யாணங்களுக்குப் பந்தல், நாற்காலி, அண்டா, குண்டான் வாடகைக்கு விடுபவர். எங்களுக்கு அவர் கிள்ளான் அங்கிள், அவர் மனைவி கிள்ளான் ஆன்டி. அங்கிளுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தம்பி ஒருவர். நாங்கள் அவரை அதுவரை பார்த்ததில்லை. நல்ல சம்பளம், நல்ல பழக்கம், ஒரே குறை, வாய் திறக்கமாட்டார். பெண் வீட்டுக்குப் போனால் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்துவிட்டு எழுந்து வருவார். "பையன் ஊமையா?" என்று ஒரு வீட்டில் கேட்டேவிட்டார்களாம்.

அம்மாவும் கிள்ளான் ஆன்டியும் ஏதோ ஒரு கல்யாணத்தில் தேங்காய்ப் பை மடித்துக்கொண்டே திட்டம் போட்டார்கள். பெண் பார்ப்பது இல்லை. தட்டு இல்லை. இரண்டு குடும்பமும் சேர்ந்து சும்மா சுற்றிப்பார்க்கப் போவது. அத்தைக்கும் சொல்லக்கூடாது, தம்பிக்காரருக்கும் சொல்லக்கூடாது. தானாகப் பார்த்துப் பழகட்டும். முதலில் மிருகக்காட்சி சாலை என்றுதான் பேச்சு. கிள்ளான் அங்கிள்தான் மறுத்தார்.

"ஜூவுன்னா அரை நாள்ல முடிஞ்சிரும்லா. புடிக்கலன்னா பஸ் ஏறிப் போயிடுவாங்க. தீவுன்னு வைங்க, யாரு எந்திரிச்சுப் போக முடியும்?"

இதையெல்லாம் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கேட்டது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "வாயத் தொறந்த, உன்ன இங்கயே விட்டுட்டுப் போயிடுவோம்" என்றார். நான் திறக்கவில்லை. கடல் பார்க்கும் ஆசை அப்படி.

ஆடி முடிந்து ஆவணி பிறக்கட்டும் என்று அம்மா சொன்னார். கேம்பிங்குக்கு மாதம் பார்த்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலையில் கிள்ளான் அங்கிளின் லோரியில் ஏறினோம். கிள்ளானிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் ஒரு மீன்பிடிக் கம்பம், மலாய்க் கிராமம். அங்கே அங்கிளுக்குத் தெரிந்த மலாய்ப் படகுக்காரர் ஒருவர் காத்திருந்தார். பாக் சிக் என்றுதான் எல்லாரும் அவரை அழைத்தோம். அன்று காலை தண்ணீர் ஏறி நிற்கும், ஒன்பதுக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது ஒன்பது ஆகிவிட்டது. அம்மா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. பத்தரைக்கு மேலதான் படகுல கால் வைக்கணும்."

அத்தைக்கு ஆச்சரியம். "அண்ணி, சுத்திப்பாக்கத்தானே போறோம்? அதுக்கு எதுக்கு ராகு காலம்?"

"தண்ணியில போற காரியம்மா" என்றார் அம்மா, எங்கேயோ பார்த்துக்கொண்டு. கிள்ளான் ஆன்டி வேகமாகத் தலையாட்டினார். நான் படகுத்துறைப் பலகையில் ஓடிய நண்டு ஒன்றைக் கண் எடுக்காமல் பார்த்தேன்.

நம் சிலாங்கூர்க் கரையை உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வடியத் தொடங்கினால் நின்று கேட்டுவிட்டு வடியாது. பத்தரைக்கு அம்மா நல்ல நேரம் பார்த்து வலது காலைத் தூக்கியபோது, படகு சேற்றில் எருமை மாதிரி படுத்திருந்தது. "ஆயிர் சூடா சுருட்லா, கக்கா" என்றார் பாக் சிக், வெற்றிலை வாயோடு. தண்ணி வடிஞ்சிருச்சு அக்கா.

இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. முதலில் ஆண்கள். போதவில்லை. பிறகு எல்லாரும். கிள்ளான் ஆன்டி தம்பிக்காரருக்கு வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுவிட்டு அழைத்து வந்திருந்தார். அந்தச் சட்டையோடு அவர் தொடை வரை சேற்றில் நின்றார். பக்கத்தில் அத்தை, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு. "ஒண்ணு, ரெண்டு" என்று அப்பா ரயில் கிளப்புவது போல் குரல் கொடுத்தார். மூன்றுக்குப் படகு நகர்ந்தது. தள்ளிக்கொண்டிருந்த அவரும் அத்தையும் அப்படியே முகம் குப்புற விழுந்தார்கள்.

எழுந்து நின்றபோது இருவருக்கும் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அத்தை அவரைப் பார்த்தார். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை சிரித்தார் பாருங்கள், படகுத்துறைக் கொக்கெல்லாம் பறந்தது. அம்மா ஓடிப்போய் இடுப்பில் கிள்ளினார். "மெதுவாச் சிரிம்மா!" கிள்ளான் ஆன்டியோ, தேய்த்துக் கொடுத்த சட்டையை நினைத்து அழும் நிலைக்கு வந்துவிட்டார். ஆரம்பமே சரியில்லை என்று பெரியவர்கள் நாலு பேரும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள்.

தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் போய்ப் பார்த்துவிட்டு, இதுதானா என்று என்னைக் கேட்பீர்கள். சிறிய தீவு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சேற்றில் வேர் ஊன்றிய காண்டாமரங்கள், இடையில் பாய் விரித்தது போல் கொஞ்சம் மணல். குடிக்கத் தண்ணீர் கிடையாது. பாக் சிக் தினமும் டிரம்மில் தண்ணீரும், கோணிச் சாக்கில் ஐஸும் கொண்டுவந்து தருவதாக ஏற்பாடு.

கூடாரத்துக்கு என்ன செய்தோம் என்று கேளுங்கள். கிள்ளான் அங்கிள் இருக்கும்போது கூடாரம் எதற்கு? கல்யாணப் பந்தலைக் கொண்டுவந்துவிட்டார். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி, ஓரமெல்லாம் தங்க நிறத்தில் குஞ்சம். அதற்கேற்ற அண்டா, அகப்பை, பத்து நாற்காலி. ஒரு ஊருக்கே சமைக்கிற அண்டாவில் எட்டு பேருக்குச் சோறு பொங்கினால் அரிசி எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டும். தூரத்தில் போன மீன்பிடிப் படகுகள் பந்தலைப் பார்த்து ஹார்ன் அடித்து, கையசைத்து வாழ்த்திவிட்டுப் போயின.

பாக் சிக்கே கேட்டார். "சியாப்பா காவின்?" யாருக்குக் கல்யாணம்?

பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கிள்ளான் அங்கிளுக்கு இருமல் வந்தது.

அத்தை அகப்பையோடு கிள்ளான் ஆன்டி பக்கம் திரும்பினார். "என்னக்கா, அண்ணனுக்கு ரெண்டாவது கல்யாணமா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நெனப்பு வேற" என்றார் கிள்ளான் ஆன்டி. "இருக்கிற ஒண்ணுக்கே சேல எடுத்துத் தரமாட்டாரு."

அப்பாவை நான் அந்தத் தீவில்தான் முழுதாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ரயில்வே ஸ்டேஷன் வேலை, வருடம் முழுவதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வாழ்ந்த மனிதர். வந்து இறங்கியதும் கடிகாரத்தைக் கழற்றி பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினார். கோடு போட்ட துணி நாற்காலியைத் தண்ணீரோரம் விரித்து, தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, அலை காலை நனைக்கிற மாதிரி உட்கார்ந்தார். யார் எதற்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில். "மெதுவா, மெதுவா. இங்க ஒரு ரயிலும் வராது."

அந்த நாற்காலி பிறகு எங்கே போனதோ தெரியவில்லை. டின் எங்கே போனதோ. பம்ப் அடித்தால் நீல நிறத்தில் சீறும் மண்ணெண்ணெய் அடுப்பு, பாட்டுப் பாடிக்கொண்டே டேப்பைத் தின்றுவிடும் கிள்ளான் அங்கிளின் ரேடியோ, ஆரஞ்சு நிற ஐஸ் பெட்டி, எல்லாம் போய்விட்டன. வாசனை மட்டும் போகவில்லை. சவுக்கு இலைச் சருகு, சார்டின் சம்பல், படகு டீசல். இவை மூன்றும் சேர்ந்து எங்கேயாவது வந்தால் எனக்கு இன்றும் பசிக்கிறது.

தம்பிக்காரரை நாங்கள் கிரேன் அங்கிள் என்று கூப்பிட்டோம். அவர் எங்களோடு வாயால் பேசவில்லை, கையால் பேசினார். துறைமுகத்தில் கீழே நிற்பவர் கத்தினால் மேலே கேட்காது, அதனால் எல்லாம் சைகை. ஒரு விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. எனக்கும் என் தம்பிக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். அன்று மாலைக்குள் நாங்கள் ஒருவரை ஒருவர் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தோம். அத்தை தண்ணீர் டிரம்மைச் சரிவில் உருட்டி வந்தபோது, பாறை மேலிருந்து அவர் கையைக் கீழே காட்டி, மெதுவாக, மெதுவாக, என்று சைகை செய்தார். அத்தை டிரம்மை நிறுத்தி, முஷ்டியை மூடிக் காட்டினார். அவருக்கு முதல் முறையாகப் பல் தெரிந்தது.

ஆனால் அவர் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் கிள்ளான் ஆன்டி பேசினார். அத்தை அவரிடம் டீ வேண்டுமா என்று கேட்டால், "சீனி கம்மியா குடிப்பான்" என்று ஆன்டி. வேலை எப்படி என்று கேட்டால், "போன வருஷம் இன்கிரிமென்ட் வந்துச்சு" என்று ஆன்டி. அத்தை பொறுத்துப் பார்த்தார்.

"அக்கா, அவரு வாயக் கழட்டி உங்ககிட்ட குடுத்து வச்சிருக்காரா?"

அப்பா துண்டுக்குள்ளிருந்து சிரிப்பது கேட்டது.

மறுநாள் நடுப்பகலில் வெளியே வந்தது விஷயம். வெயிலுக்கு எல்லாருக்கும் சிரப் தண்ணீர் கலக்கலாம் என்று அத்தை ஐஸ் பெட்டியைத் திறந்தார். கோழி இருந்த பொட்டலத்தைத் தூக்கினால், அடியில் வாழை இலையில் சுற்றி இன்னொரு பொட்டலம். பிரித்தார். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம். அதற்குப் பக்கத்தில் வெற்றிலை, பாக்கு. பிளாஸ்டிக் உறையில் மடித்த அவருடைய நீலப் பட்டுச்சேலை, ஈரம் படாமல்.

அந்தக் கேம்பிங்குக்கு அம்மா கொசுவத்தி கொண்டுவரவில்லை. தீப்பெட்டி கொண்டுவரவில்லை. அதற்காக இரண்டு நாளாகக் கிள்ளான் அங்கிளின் லைட்டரைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தோம். மல்லிப்பூவை மட்டும் ஐஸ் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அத்தை சரத்தைக் கையில் தூக்கிப் பிடித்தார். "அண்ணி, இது யாருக்கு?"

அம்மா ஐஸ் பெட்டியின் மூடியைத் தேடி எடுத்தார். கிள்ளான் ஆன்டி வெங்காயத்தை இன்னும் வேகமாக நறுக்கினார்.

"ஆவணி. ராகு காலம். வெள்ளச் சட்ட. கல்யாணப் பந்தல்." அத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "நான் ஒரு மடச்சி. பந்தலுக்குக் கீழயே படுத்துத் தூங்கியிருக்கேன்." பிறகு கிரேன் அங்கிள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா இது?"

அவர் அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். அவரும் எங்களைப் போலவே சும்மா சுற்றிப்பார்க்க வந்தவர்தான்.

"அண்ணே, பினாங்கு விஷயம் ஞாபகம் இருக்குல்ல?"

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, துண்டை எடுத்துவிட்டு நின்றார். "இருக்கும்மா. உன்கிட்ட மறச்சது தப்பு. படகு வந்ததும் வீட்டுக்குப் போயிடலாம். மாத்தலுக்கு நானே வந்து கையெழுத்துப் போடறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை என்னைப் பார்த்தார். மல்லிகையை முகர்ந்து பார்த்தார், முகம் சுளித்தார்.

"கோழி நாத்தம் அடிக்குது அண்ணி" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, சிரித்துவிட்டார். சிரித்து முடிந்ததும் குரல் நிதானமானது. "சரி, கேளுங்க. போகவும் வேணாம், சேல கட்டவும் வேணாம், பூ வைக்கவும் வேணாம். ஆனா இந்தத் தடவ நான்தான் பாப்பேன். நிமிந்து பாப்பேன். என் இஷ்டத்துக்கு, எனக்கு வேணுங்கிற நேரம் எடுத்துப் பாப்பேன். அவரும் பாக்கட்டும், அவருக்கு இஷ்டம் இருந்தா. நடுவுல யாராச்சும் வந்து தள்ளிவிட்டீங்க, இழுத்துவிட்டீங்க, அவருக்குப் பதிலா பேசினீங்க, அப்புறம் பினாங்குதான்."

கிரேன் அங்கிள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அது துறைமுகச் சைகை இல்லை, எல்லாருக்கும் தெரிந்த சைகை.

அந்த மல்லிகையைத் தம்பியும் நானும் பாறையில் கொடுக்கோடு திரிந்த ஒரு பெரிய நண்டுக்குச் சாத்தினோம். நண்டு அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று மாலை அத்தை, எக்ஸ்சேஞ்ச் விளையாட்டு விழாவில் கொடுத்த பனியனோடு இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். கிரேன் அங்கிள் பாறையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார். நானும் தம்பியும் இருவருக்கும் இடையில், மீன் பிடிக்கிறோம் என்று துணியை விரித்து அலசிக்கொண்டிருந்தோம். பெரியவர்கள் பந்தலுக்குக் கீழே கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

"தண்ணிக்குப் பயமா?" என்றார் அத்தை.

வெகுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது. குரல் கொஞ்சம் கரகரப்பு, பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தது போல. "நீச்சல் தெரியாது."

"அவ்ளோ உசரத்துல உக்காந்து வேல செய்றீங்க. முழங்கால் தண்ணிக்குப் பயமா?"

"அங்க புடிச்சுக்க லிவர் இருக்கு."

அத்தைக்குப் பிடித்துவிட்டது அந்தப் பதில். எனக்குத் தெரியும், தலையைச் சாய்த்துக் கேட்டார். "மேல இருந்து பாத்தா என்ன தெரியும்?"

"தொப்பி." காலால் தண்ணீரைத் தள்ளினார். "மஞ்சத் தொப்பி, வெள்ளத் தொப்பி. ஆளு தெரியாது. பொண்ணு பாக்கப் போனாலும் அப்படித்தான். தட்டோட வருவாங்க, குனிஞ்சிருப்பாங்க. எனக்கு வகிடும் பூவும்தான் தெரியும். என்ன பேசறது? வகிடுகிட்ட என்ன பேசறது?"

அத்தை தண்ணீரைக் கையால் அறைந்து சிரித்தார். "எனக்கு ஸ்டோக்கின்! உங்களுக்கு வகிடு! நடுவுல இருந்த ஆள ரெண்டு பேருமே பாக்கல, பாத்தீங்களா?"

அவரும் சிரித்தார். பிறகு தம்பியிடம் கையை நீட்டினார். ஆறு வயதுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆறடி மனிதர் ஒவ்வொரு அடியாகத் தண்ணீருக்குள் இறங்கினார். நாலாவது அடியில் வழுக்கி விழுந்து, உப்புத் தண்ணீரைக் குடித்து, கண் சிவக்க எழுந்து, நேராகக் கரைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டார்.

பந்தலுக்குக் கீழே இருந்தவர்கள் கண்டதெல்லாம் இதுதான்: அத்தை அவரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார், அவர் எழுந்து போய்விட்டார், கண் சிவந்திருக்கிறது.

"போச்சு" என்றார் கிள்ளான் ஆன்டி. "அழுதுட்டான்."

"நான் அப்பவே சொன்னேன், சிரிக்காதேன்னு" என்றார் அம்மா.

கிள்ளான் அங்கிள் பந்தல் கம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "எத்தன கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் இது, நமக்குன்னு போட்டா அமையல" என்று பெருமூச்சு விட்டார்.

இப்போது யோசித்தால் அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவருடைய மௌனத்தையும் அத்தையின் சிரிப்பையும் குறை என்று நினைத்து, அதை மறைக்கவே அத்தனை வருடம் பாடுபட்டார்கள். குறை என்று அவர்கள் நினைத்த இரண்டையும்தான் அந்த இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ரசித்துக் கேட்டார்கள். பந்தலிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும்? அதைவிட, முப்பது தாண்டிய பெண்ணுக்கு அவசரம் என்று நினைத்தார்களே, அதுதான் பெரிய தவறு. அவசரமெல்லாம் அவர்களுக்குத்தான். அத்தைக்கு இல்லவே இல்லை.

திங்கட்கிழமை காலை புறப்பட வேண்டும். பாக் சிக் தண்ணீர் ஏறியதும் வருவார். பந்தலை அவிழ்த்து மடித்தாயிற்று. அண்டாவைக் கவிழ்த்து, நாற்காலிகளை அடுக்கி, மணலில் வரிசையாக வைத்தாயிற்று. அத்தையும் கிரேன் அங்கிளும் பாறைப் பக்கம் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கூட்டிப் போகவில்லை. படகுச் சத்தம் கேட்டதும் அம்மாவால் அதற்கு மேல் முடியவில்லை.

"என்னம்மா, என்ன முடிவு?"

"இன்னும் பாத்து முடியல அண்ணி."

"படகு வந்திருச்சும்மா! ஆமாவா, இல்லையா, ஒரே ஒரு வார்த்த சொல்லிடு."

"இப்பவே சொல்லணும்னா, இல்ல" என்றார் அத்தை. "விட்டீங்கன்னா, தெரியல."

அம்மா கிள்ளான் ஆன்டியைப் பார்த்தார். ஆன்டி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். கிரேன் அங்கிள் அண்டாவைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு தண்ணீரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை, அண்டாதான் தெரிந்தது.

படகு மணலில் முட்டியது. அத்தை முழங்கால் தண்ணீர் வரை இறங்கி நின்றார்.

"பாக் சிக், பேசோக் லா" என்றார். நாளைக்கு வாங்க.

பாக் சிக் நாங்கள் கட்டி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நாளைக்கா?" என்றார் அம்மா. "அரிசி தீந்துபோச்சு! ரெண்டு டின் சார்டினும் கொஞ்சம் மாவும்தான் இருக்கு. இவருக்கு நாளைக்குக் காலைல வேலை!"

கிள்ளான் அங்கிள், "புதன்கிழம ஜெஞ்சாரோம்ல ஒரு கல்யாணத்துக்கு இந்தப் பந்தல் போகணும்லா" என்று பாதியில் நிறுத்தினார். ஏனென்றால் அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்னாச்சு?"

"நாளைக்குத்தான் போறோம்" என்றார் அத்தை, திரும்பாமல். "உங்களுக்கு வேலை இருந்தா நீங்க போங்க. எனக்கு இன்னும் ஒரு நாள் வேணும்."

கிரேன் அங்கிள் அண்டாவைத் தலையிலிருந்து இறக்கி மணலில் வைத்தார். நெற்றியில் கரி. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, அந்த மனிதருக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது, மலாயில் கத்தினார். கரைக்குப் போனதும் துறைமுகத்துக்குப் போன் போட வேண்டும், நாளைக்கு அவர் வேலைக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் பெயரையும் போன் நம்பரையும் இரண்டு தடவை கத்தினார். காண்டாமரத்துப் பறவைகள் எழும்பின.

கிள்ளான் ஆன்டி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "இவனா? இவனா கத்துறான்?"

"பாக் சிக்!" இப்போது அப்பா. "அப்படியே ஸ்டேஷனுக்கும் ஒரு போன் போட்டுருங்க. எனக்கு வயித்து வலின்னு சொல்லுங்க." சொல்லிவிட்டு, மூட்டையிலிருந்து நாற்காலியை உருவத் தொடங்கினார். வேலை விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பாக் சிக் தலையை ஆட்டினார். "தாப்பா, தாப்பா" என்றார், பரவாயில்லை என்று. தண்ணீர் டிரம்மை இறக்கிவிட்டுப் படகைத் திருப்பினார்.

மடித்த பந்தலை மறுபடி விரித்தோம். அம்மா மாவுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டு வயிற்றுக்கு இதை வைத்து என்ன செய்வது என்று புலம்பினார். கிரேன் அங்கிள் அந்தப் பையை அம்மா கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நான் சமைக்கிறேன் அக்கா."

மண்ணெண்ணெய் அடுப்புக்கு அவரே பம்ப் அடித்தார். ரொட்டி தட்டினார். ஒன்றும் வட்டமாக வரவில்லை. சார்டினில் வெங்காயத்தை வெட்டிப் போட்டு, உப்பை ஒரு தடவை போட்டார், போட்டதை மறந்து மறுபடி போட்டார். அதை நான் பார்த்தேன், சொல்லவில்லை. எல்லாரும் பந்தலுக்குக் கீழே வட்டமாக உட்கார்ந்தோம். முதல் வாய் வைத்ததும் கிள்ளான் அங்கிள் தண்ணீர்க் குவளையைத் தேடினார். தம்பி துப்பினான். அம்மா கவலையோடு அத்தையின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை நிதானமாகச் சாப்பிட்டார். ரொட்டியைப் பிய்த்துத் தட்டை வழித்தார். வழித்து முடித்ததும் நிமிர்ந்து, எதிரில் அடுப்போரம் உட்கார்ந்திருந்த, பிறகு எனக்கு மாமாவான கிரேன் அங்கிளிடம் தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் வைங்க" என்றார்.